செங்கோட்டைச் சாரலில் ஒரு கிட்டார் ஆல்பம்: பாடகர் இல்லாத ஜாஸ் ஃப்யூஷனுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை மலைக்கு அந்தப் பக்கத்து, அதாவது இன்றைய கேரளப் பக்கத்து, ஆட்சியில் இருந்த ஊர். இன்றைக்குத் தென்காசி மாவட்டம். புளியரையைத் தாண்டினால் கோட்டைவாசல், அதற்கப்புறம் ஆரியங்காவு. இந்தப் பக்கம் அம்மன் கொடைக்கு நையாண்டி மேளம், அந்தப் பக்கம் உற்சவத்துக்குச் செண்டை. இரண்டு பக்கத்து மேடைகளிலும் மெல்லிசைக் குழுவோடு கிட்டார் வாசித்தே காலம் தள்ளியவன் நான். பாட்டுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எல்லார் காதும் பாடுகிறவர் மேலேயே இருக்கும். நாம் சறுக்கினாலும் பாட்டு ஓடிவிடும். பாடகரே இல்லாமல் நாற்பது நிமிடம் வாசிக்கலாம் என்று உட்கார்ந்த அன்றுதான் அந்தச் சௌகரியத்தின் அருமை புரிந்தது.

இந்த வழிகாட்டி மெட்டுப் போடுவதிலிருந்து வெளியீடு வரைக்கும் போகிறது. கிட்டார் ஓரளவு கைவந்தவர்களுக்காக எழுதுகிறேன். கருவிகளைப் பற்றியும் நிறைய வரும். ஆனால் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றே ஒன்று: வாயால் பாடிக் காட்ட முடியாத எதையும் பதிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலிக்காமல் கேளுங்கள்.

எந்த மண்ணில் நிற்கிறோம்

ஜாஸ் காரர்கள் மின்கருவிகளையும் ராக் தாளத்தையும் கையில் எடுத்தது 1960-களின் கடைசியில். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் பதிவுகளில் வாசித்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1971-இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கினார். அந்தச் சத்தமெல்லாம் ஓய்ந்து, 1970-களின் நடுவில் எல். ஷங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு சக்தி குழுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அதில் அவர் வைத்திருந்த கிட்டாரைக் கவனியுங்கள். கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருப்பார்கள், வீணை மாதிரி கம்பியை அழுத்தி இழுத்துக் கமகம் எடுப்பதற்காக. குறுக்கே கூடுதலாக ஒலிக்கம்பிகள் வேறு. கருவியையே மாற்றிக்கொள்கிற அளவுக்கு ஒருவர் கமகத்தை மதித்திருக்கிறார். நாம் பக்கத்திலேயே பிறந்துவிட்டு அதை அலங்காரமாகத் தூவிவிட்டுப் போவது நியாயமில்லை.

எத்தனை உருப்படி

ஏழு அல்லது எட்டு, மொத்தம் நாற்பது நிமிடம். கணினியில் எவ்வளவு வேண்டுமானாலும் அடைக்கலாம் என்பதற்காக அடைக்காதீர்கள். என்றாவது வினைல் தட்டாகப் போடுகிற ஆசை இருந்தால், ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் ஒலி மெலியும். நான் பதினொன்றில் தொடங்கி ஏழில் முடித்தேன். கழித்த நான்கும் வேகமானவை, விரல் வித்தை நிறைந்தவை. என் தங்கை மகளிடம் போட்டுக் காட்டிவிட்டு மறுநாள் காலையில் “எது ஞாபகமிருக்கு, முனகு பார்ப்போம்” என்றேன். அந்த நான்கில் ஒன்றையும் அவளால் முனக முடியவில்லை. எனக்கே இரண்டு வரவில்லை.

மெட்டு

கிட்டாரைப் பெட்டியில் பூட்டிவிட்டு மெட்டுப் போடுங்கள். கையில் கிட்டார் இருந்தால் விரல் பழகிய தடத்திலேயே போகும். நாம் போட்ட மெட்டு என்று நினைப்போம், விரல் போட்டிருக்கும். நடக்கும்போது, பைக்கில் போகும்போது தொண்டையில் வருவதை போனில் பதியுங்கள். ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்டவுடன் அடுத்த வரி தானாக வாயில் வருகிறதா, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜாஸில் வழக்கமான உருவம் எளிது: முதலில் ஹெட் என்கிற மூல மெட்டு, பிறகு அதே கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வரிசையின் மேல் ஆளுக்கொரு தனி வாசிப்பு, கடைசியில் மறுபடி ஹெட். நம் காதுக்குப் பல்லவி, கற்பனைஸ்வரம், பல்லவி என்று சொன்னால் புரியும்.

ராகத்துக்கும் மோடு என்கிற மேற்கத்திய ஸ்வர வரிசைகளுக்கும் உள்ள பொருத்தம் பலருக்குத் தெரிந்ததே. டோரியன் என்றால் கரகரப்பிரியா, மிக்சோலிடியன் என்றால் அரிகாம்போதி, லிடியன் என்றால் கல்யாணி. மெலடிக் மைனர் என்பது நம் கௌரிமனோகரி. அதன் மத்யமத்தை ஸட்ஜமாக்கினால் வாசஸ்பதி, பஞ்சமத்தை ஸட்ஜமாக்கினால் சாருகேசி. ஜாஸ் காரர்கள் உயிரைவிடும் ஆல்டர்டு ஸ்கேல் அதே கௌரிமனோகரியின் நிஷாதத்திலிருந்து பிறப்பது. ஆனால் அதில் சுத்தமான பஞ்சமம் கிடையாது, அதனால் 72 மேளகர்த்தா ராகங்களுக்குள் அதற்கு இடமில்லை. தம்புரா ஸ-ப என்று ஒலித்துக்கொண்டிருக்கும்போது ஆல்டர்டு வாசித்தால் காதில் மணல் விழுந்த மாதிரி இருப்பது இதனால்தான். அந்த இடங்களில் தம்புராவை நிறுத்துங்கள், அல்லது பஞ்சமத்தை எடுத்துவிட்டு ஸட்ஜத்தை மட்டும் விடுங்கள்.

பெயர்ப் பொருத்தம் தெரிந்தால் மட்டும் ராகம் வந்துவிடாது. சாருகேசியை எடுத்துக்கொள்வோம். ஸட்ஜம் சி என்றால் அந்த ஸ்வரங்களிலிருந்தே சி செவன்த், எஃப் மைனர் மேஜர் செவன்த், ஜி மைனர் செவன்த், பி ஃப்ளாட் செவன்த் எல்லாம் கிடைக்கும். மடியில் விழுந்த பழம் மாதிரி. ஆனால் கார்டுகளை வேகமாக மாற்ற மாற்ற ஸட்ஜம் எங்கே என்று காது தேட ஆரம்பிக்கும். ராகம் கலைந்து வெறும் ஸ்வரக் கூட்டமாகிவிடும். நான் ஹெட்டில் இரண்டு கார்டு, தனி வாசிப்பில் நான்கு என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மெட்டில் எந்த ஸ்வரத்தை அசைக்கிறீர்களோ, அந்த ஸ்வரத்தைக் கீபோர்டுக்காரர் கார்டில் வைக்கக் கூடாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ஊஞ்சல் மாதிரி. அதன் கீழே கீபோர்டில் காந்தாரத்தை ஆணியடித்தமாதிரி அழுத்திப் பிடித்தால் கிட்டார்தான் சுருதி விலகியதுபோல் கேட்கும். கார்டிலிருந்து அந்த ஒரு ஸ்வரத்தை எடுத்துவிட்டால் போதும், கமகம் மூச்சுவிடும். மூன்று வாரம் சுருதி சேர்த்துச் சேர்த்துப் பார்த்து, கம்பி மாற்றி, கடைசியில்தான் குற்றவாளி கார்டு என்று கண்டுபிடித்தேன்.

பதின்மூன்று கண்

கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை 1904-இல் வந்தது. கழுதுருட்டிப் பக்கம் அந்தப் பாதையில் பதின்மூன்று வளைவுள்ள கல்பாலம் ஒன்று இருக்கிறது. மலையாளத்தில் பதிமூணு கண்ணறப் பாலம் என்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து, பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரு உருப்படி செய்தேன். கணினியில் ட்ரம்ஸ் அமைத்து, ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்ணி, பெருமையாகத்தான் இருந்தது. புனலூரிலிருந்து வந்த ட்ரம்மர் இரண்டு முறை வாசித்துவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தார். “இது பாட்டா, கணக்கா?” என்றார்.

பக்கத்து ஊர்த் தவில்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன். நான் கொடுத்த தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி, நீங்க எண்ணுதீங்க. நான் சொல்லுதேன், கேளுங்க” என்று தொடையில் தட்டிக்கொண்டு, தகதிமி தகதிமி தகதகிட, தகதிமி தகதிமி தகதகிட என்று ஓட்டினார். நாலு, நாலு, ஐந்து. கடைசி ஐந்தில் தலையை லேசாக ஆட்டினார். நாலாவது சுற்றில் பேஸ் கிட்டார் வாசிக்கும் பையன் தானாக உள்ளே வந்துவிட்டான்.

“அண்ணே, இதுக்கு மெட்டு?”

“நீங்கதான் போடணும். ஆனா அந்தக் கடைசி தகிட இருக்குல்லா, அங்க வாயை மூடிக்கிடுங்க. அது என் இடம்.”

மெட்டைப் பத்தோடு நிறுத்தி, மீதி மூன்றைத் தவிலுக்கு விட்டேன். அதுதான் இன்றைக்கு ஆல்பத்திலேயே எல்லாரும் கேட்கிற உருப்படி. ஆகவே கூட்டல் தாளம் எதுவாக இருந்தாலும் எண்ணாதீர்கள், சொல்கட்டாகச் சொல்லுங்கள். ஏழு என்பது தகிட தகதிமி. ஐந்து என்பது தக தகிட. குழு முழுக்க, கீபோர்டுக்காரர் உள்பட, கைதட்டிச் சொல்லிவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும்.

நீண்ட உருப்படிக்கு உருவம் தேடுகிறவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் காதைத் திருப்பலாம். பஞ்சாரி என்கிற செண்டை மேளத்தில் முதல் காலத்தின் சுற்று 96 அட்சரம். அடுத்தடுத்த காலங்களில் 48, 24, 12, கடைசியில் 6. சுற்று பாதி பாதியாகச் சுருங்க, வேகம் ஏறிக்கொண்டே போகும். ஒரே மெட்டை இப்படிச் சுருக்கிக்கொண்டே போய்ப் பத்து நிமிடத்துக்கு ஒரு உருப்படி கட்டினேன். தனியாகக் கார்டு மாற்றம், மேலேற்றம் என்று எதுவும் தேவைப்படவில்லை.

ஆட்கள்

கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், கீபோர்டு. தேவைப்பட்டால் தவில் அல்லது கடம். இதற்கு மேல் வேண்டாம். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கை ஆட்களுக்கும் ட்ரம்ஸ் பதியும் அறைக்கும் ஒதுக்குங்கள். புது கிட்டார் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுங்கள். சம்பளமா, வருமானத்தில் பங்கா என்பதை முதல் ஒத்திகைக்கு முன்பே ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு கையெழுத்து. நண்பர்கள்தானே என்று விட்டால் நண்பர்களாக இருக்க முடியாமல் போகும்.

ஒத்திகை குறைந்தது நான்கு நாள். மூன்றாம் நாள் முழு ஆல்பத்தையும் போனில் பதிந்து கேளுங்கள். போனிலேயே நன்றாகக் கேட்டால் அமைப்பு சரி. கேட்கவில்லை என்றால் எந்த ஸ்டூடியோவும் காப்பாற்றாது.

மரமும் மின்சாரமும்

ஜூனில் சாரல் தொடங்கினால் எங்கள் பக்கம் துணி காயாது. அப்பளம் பொரித்த ஐந்தாவது நிமிடம் நமத்துவிடும். கிட்டாரும் மரம்தானே. அதற்கு 45-லிருந்து 55 சதவீத ஈரப்பதம் பிடிக்கும். என் அறை ஈரமானி ஜூலையில் 80-க்குக் கீழே இறங்குவதே இல்லை. கழுத்து வளைந்து, கம்பி உயரம் ஏறி, காலையில் சேர்த்த சுருதி மதியத்துக்குள் ஓடிவிடும்.

பதிவுக்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கால் மில்லிமீட்டர் சுமார், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் நல்லது. கூடினாலோ குறைந்தாலோ கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். ஒரேயடியாகத் திருகினால் கழுத்தே போகும். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட் ஹார்மோனிக்கும் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ஒன்றாக இருக்கிறதா என்று ட்யூனரில் பார்த்து, பிரிட்ஜில் சரிசெய்யுங்கள். கம்பி புதிதாகப் போட்டு ஒரு நாள் வாசித்துத் தளர்த்திய பின்தான் பதிவு. இழுத்து வாசிக்கிறவர்களுக்குப் பத்தாம் எண் கம்பியே போதும்.

இரைச்சல் அடுத்த தலைவலி. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சிங்கிள் காயில் பிக்கப் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அப்படியே பிடித்து முனகும். ஃபேன் ரெகுலேட்டரை அணையுங்கள், எல்.இ.டி. பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சாதாரண ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டினால் தேனீக் கூட்டம் மாதிரி இரைச்சல் வரும். சைன் வேவ் வகையைக் கேட்டு வாங்குங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்காமல் ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) தொடாதீர்கள், அது இரைச்சல் விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயம். எல்லாம் செய்தும் முனகல் மிஞ்சினால், உட்கார்ந்திருக்கும் நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஏதோ ஒரு திசையில் முனகல் ஏறக்குறைய மறைந்துவிடும். அங்கே தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் அறையில் அது கிழக்கும் வடகிழக்கும் சேருமிடம். வாஸ்து பார்க்கிறாயா என்று அம்மா கேட்டாள்.

பதிவு

முதல் தடவை ஜூலையில் மாடி அறையில் பதிந்தோம். மேலே தகரக் கூரை. நான்கு நாள் வேலை. மெதுவான உருப்படியில் ட்ரம்ஸுக்கு மேலே இருந்த மைக்கைத் தனியாகப் போட்டுக் கேட்டால் சிம்பலை விடச் சாரல்தான் தெளிவாகக் கேட்டது. மழையையும் இசையோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். கேட்க அழகான யோசனைதான். ஆனால் டேக்கை (ஒரு முறை வாசித்துப் பதிந்ததை) வெட்டி ஒட்டும் இடத்திலெல்லாம் மழையும் வெட்டுப்பட்டுத் துள்ளும். தூக்கிப் போட்டுவிட்டுப் பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தோம். இந்த மலையோரத்தில் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் பதிவுக்காலம். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு, இரண்டும் உங்களுக்காகக் காத்திருக்காது.

ட்ரம்ஸை மட்டும் நல்ல அறையில் பதியுங்கள். மற்றதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். நான்கே மைக் இருந்தாலும் போதும்: கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, மேலே இரண்டு. மேலே உள்ள இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு கயிற்றை எடுத்து, ஸ்னேரில் ஒரு முனையை வைத்து, இரண்டு மைக்குக்கும் அளந்து பாருங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஸ்னேர் சோப்பு நுரை மாதிரி ஆகிவிடும். தவிலுக்கு மைக்கைக் கிட்டே வைக்காதீர்கள். விரல்கூடு போட்ட கை வலந்தலையில் விழும் அடி மைக்கை நசுக்கிவிடும். ஒன்றரை அடி தள்ளி, பக்கத்துக்கு ஒன்று. அந்தச் சத்தம் அடுத்தவர் மைக்கில் எல்லாம் ஏறும் என்பதால் தவிலுக்குத் தனி அறை கொடுத்து, கதவு வழியாகக் கண் பார்க்கிற மாதிரி உட்கார வையுங்கள். கண் பார்க்காமல் தவில்காரர் வாசிக்க மாட்டார், வாசிக்கவும் கூடாது.

குழு ஒன்றாக வாசிக்கட்டும். தனித்தனியாக அடுக்கி அடுக்கிச் செய்தால் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் பதில் சொல்வது அதில் இருக்காது. ஜாஸில் பாதி சுவை அந்தப் பதிலில்தான். காதில் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும் க்ளிக் தேவையா என்று கேட்பார்கள். கூட்டல் தாளங்களுக்குத் தேவை; மெதுவான உருப்படிக்கு வேண்டாம். பஞ்சாரி மாதிரி வேகம் ஏறும் உருப்படிக்கு க்ளிக் போட்டால் மேளக்காரர் எழுந்து போய்விடுவார்.

கிட்டாருக்கு ஆம்பின் ஸ்பீக்கரில், நடுவுக்கும் விளிம்புக்கும் பாதி தூரத்தில், துணியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஒரு டைனமிக் மைக். கூடவே ஆம்ப், மைக் இல்லாமல் நேரே இணைக்கும் டி.ஐ. பெட்டி வழியாகக் கிட்டாரின் வெறும் ஒலியையும் தனி ட்ராக்கில் பதிந்துவிடுங்கள். ஆம்ப் ஒலி பின்னால் பிடிக்காமல் போனால், அந்த வெறும் ட்ராக்கை வேறு ஆம்பிலோ மென்பொருளிலோ ஓட்டி மறுபடி எடுக்கலாம். என் ஆல்பத்தில் மூன்று உருப்படிகளை அந்த ட்ராக்தான் காப்பாற்றியது.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மீட்டர் உச்சத்தில் கழித்தல் பன்னிரண்டு, பத்து டெசிபல் பக்கம் நின்றால் போதும். சிவப்பைத் தொட வேண்டாம். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளில் வைத்தால் அதனால் வரும் தாமதம் சுமார் 2.7 மில்லி செகண்ட். ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டுக்கு 34 செ.மீ. போகிறது என்பதால், இது ஆம்பிலிருந்து மூன்று அடி தள்ளி நிற்பதற்குச் சமம். உள்ளே போய் வெளியே வரும்போது இன்னும் கூடும்; இருந்தாலும் கை தடுமாறாது. மென்பொருள் எதுவாக இருந்தாலும் சரி. நான் ரீப்பர் வைத்திருக்கிறேன். 60 நாள் பார்த்துவிட்டுச் சிறு பயனர்கள் 60 டாலர் கட்டலாம்.

வட்டில் இடம் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். பதினாறு ட்ராக், ஆறு நிமிடம் என்றால் ஒரு டேக்குக்கு 830 எம்.பி. சுமார். டேக் மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவதில் கை சரியாக இருக்கும், முகம் செத்திருக்கும். அன்றன்று இரவே இரண்டு இடத்தில் படியெடுங்கள். ஒரு ஸ்டூடியோவில் எங்கள் இரண்டு நாள் ட்ரம்ஸ் பதிவு வட்டோடு போயே போய்விட்டது. “சார், நேத்து வரைக்கும் இருந்துச்சு” என்பதுதான் அவர்கள் சொன்ன ஒரே விளக்கம். அன்றிலிருந்து ஹார்டு டிஸ்க்கை நானே கையோடு கொண்டுபோய்க் கையோடு கொண்டுவருகிறேன்.

தனி வாசிப்பு

கிட்டார்காரர் ஆல்பம் என்றாலே தனி வாசிப்பு நீண்டுவிடும். நான்கு அடி கொண்ட பார் 32 உள்ள ஒரு சுற்று, நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், 64 செகண்ட் வரும். இரண்டு சுற்று வாசித்தால் இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது. அதற்கு மேல் சொல்வதற்கு நம்மில் எத்தனை பேரிடம் விஷயம் இருக்கிறது?

நான் செய்த முறை இது. கிட்டாரைத் தொடாமல், பின்னணியைப் போட்டுவிட்டு, மைக் முன்னால் வாயால் தனி வாசிப்பைப் பாடிப் பதிந்தேன். குரல் மோசம், வெளியில் யாரும் கேட்கவில்லை என்பதால் கவலையில்லை. பாடும்போது மூச்சு விட வேண்டியிருக்கும். அந்த மூச்சு இடத்தில்தான் வாக்கியம் முடியும். பிறகு பாடியதையே கிட்டாரில் எடுத்தேன். விரல் வேகம் பாதியாகக் குறைந்தது, சொல்வது இரண்டு மடங்கானது. முடிவில் ஒரே சொற்றொடரை மூன்று முறை வைத்து மோரா மாதிரி, தாளம் தொடங்கும் சமத்தில் இறங்கினால், எந்த ஊர்க்காரரும் தலையாட்டுவார்.

டேக்குகளிலிருந்து நல்ல பகுதிகளை ஒட்டலாம், தப்பில்லை. வாக்கியத்தின் நடுவில் ஒட்டாதீர்கள். மூச்சு இடத்தில் ஒட்டுங்கள். ட்ரம்ஸை நூல் பிடித்தாற்போல் கட்டத்தில் ஒட்டவைக்கும் வேலையை மட்டும் செய்யவே வேண்டாம்.

மிக்ஸிங்

மிக்ஸிங்கில், அதாவது தனித்தனி ட்ராக்குகளைச் சேர்க்கும்போது, முதலில் கிட்டாரையும் பேஸையும் பிரிக்க வேண்டும். கிட்டாரின் கீழ் ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ்; அதற்குக் கீழே கிட்டார் ட்ராக்கில் இருப்பதெல்லாம் ஆம்பின் உறுமல். 80-க்குக் கீழே வெட்டிவிடுங்கள். 200-லிருந்து 400 வரைக்கும் கிட்டார், கீபோர்டு, தவிலின் இடந்தலை மூன்றும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சண்டை போடும். தனி வாசிப்பு நடக்கிற இடத்தில் கீபோர்டின் இடது கையை அடக்குங்கள். ஈக்யூவில் (ஒலியின் அலைவரிசைகளை ஏற்றி இறக்குவதில்) சரிசெய்வதைவிட வாசிக்காமல் இருப்பது மேல்.

டிலே என்கிற எதிரொலியின் நேரத்தை வேகத்தோடு சேருங்கள். 60,000-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு அடிக்கான மில்லி செகண்ட் கிடைக்கும்: 100 வேகத்தில் 600, அதில் பாதி 300, முக்கால் 450. கூட்டல் தாளத்தில் முக்கால் டிலே போட்டால் எதிரொலி தகிடவில் போய் இடிக்கும், கவனம்.

மெட்டு எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும்? பாடகரின் குரல் பாட்டில் எவ்வளவு சத்தமாக இருக்குமோ அவ்வளவு. கிட்டார்காரர்கள் கூச்சப்பட்டு ஹெட்டைத் தாழ்த்திவிட்டு, தனி வாசிப்பில் ஏற்றுவார்கள்; நேர் மாறாக இருக்க வேண்டும். மிக்ஸைக் காரில், போனில், மிகச் சின்ன சத்தத்தில் கேளுங்கள். பக்கத்து அறையில் மிக்ஸி ஓடும்போதும் மெட்டு காதில் விழுகிறதா என்று பார்ப்பது என் பரீட்சை.

மாஸ்டரிங்கை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பை, வேறொருவரிடம் கொடுங்கள். நூறு முறை கேட்ட காது பொய் சொல்லும். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் கழித்தல் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதில் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன்செய்கிறது, அதைவிடச் சத்தமாக நசுக்கிக் கொடுத்தாலும் குறைத்துத்தான் போடும். நசுக்கியதில் தவிலின் அடி மட்டும் செத்திருக்கும். உச்சம் கழித்தல் 1 டெசிபல் ட்ரூ பீக்கைத் தாண்டக் கூடாது.

உரிமையும் வெளியீடும்

ராகம் யாருக்கும் சொந்தமில்லை, மெட்டு சொந்தம். சினிமாப் பாட்டு ஒன்றை ஜாஸாக மாற்றிப் போட வேண்டுமென்றால் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவர் காலத்துக்குப் பிறகு 60 வருடம் வரை உரிமை நிற்கும். தியாகராஜர் 1847-இல் மறைந்தார்; அவர் கீர்த்தனையை வாசிக்க யாரையும் கேட்க வேண்டாம்.

சொந்த மெட்டுகளை, இசைப் படைப்பாளிகளுக்கு உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்பான ஐ.பி.ஆர்.எஸ்-இல் பதிந்துகொள்ளுங்கள், மெட்டுப் போட்டவருக்கான பங்கு அதன் வழியாக வரும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எனும் பன்னிரண்டு எழுத்து-எண் அடையாளம் வேண்டும். விநியோக நிறுவனங்களே பெரும்பாலும் கொடுத்துவிடும். விவரம் நிரப்பும்போது குரல் இல்லாத இசை என்ற கட்டத்தை மறக்காமல் குறியுங்கள். தவில், ட்ரம்ஸ், பேஸ் எல்லார் பெயரும் அதற்குரிய இடத்தில் வர வேண்டும். வெளியீட்டு நாளை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். ஸ்பாட்டிஃபை ப்ளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு அனுப்ப, வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பாவது பாட்டு உள்ளே இருக்க வேண்டும்.

காசு விஷயத்தில் கண் திறந்தே இருங்கள். 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறைகூட ஓடாத ட்ராக்குக்கு ஸ்பாட்டிஃபையில் பதிவுக்கான பங்கு கிடையாது. இந்த மாதிரி இசையைத் தேடி வருகிறவர்கள் இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப் பக்கம் அதிகம்; அங்கே டிஜிட்டல் விற்பனையில் நிறுவனம் எடுப்பது 15 சதவீதம், மீதியில் பணம் கட்டும் செலவு போக நம் கைக்கு.

உருப்படிகளுக்குப் பெயர் வைப்பதைக் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள். பாட்டு வரி இல்லாததால் கேட்பவர் கையில் கொடுக்கிற ஒரே சொல் அதுதான். எங்கள் பதின்மூன்றுக்கு நான் வைத்திருந்த பெயர் ஏதோ பெரிய தத்துவமாக இருந்தது. தவில் அண்ணன் கோப்பில் சேர்க்கத் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, மேலே இருந்த தலைப்பை விரலால் தொட்டு, “இது யாருக்குப் புரியும் தம்பி? கண்ணறன்னு போடுங்க” என்றார். அப்படியே போட்டேன்.

எல்லாம் வெளியே போன பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு ட்ராக்கையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிற தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து, வேகம், ஸட்ஜம், சொல்கட்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து மென்பொருள் மாறியிருக்கும், அந்த ப்ளக்-இன் இருக்காது, வேவ் கோப்பு மட்டும் திறக்கும். என்னுடைய ஒரு டிஸ்க் செங்கோட்டையில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில். இன்னொன்று தென்காசியில் மச்சான் வீட்டு பீரோவில்; அவர் வீட்டுக் கூரை கான்கிரீட்.